கண்ணுச்சாமி காலில் ஒரு புழு

எனக்குத் தொண்டை வறண்டதால்தான் அந்தக் கேஸ் துலங்கியது. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். பர்ஹத் மேடம் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மேடம் விருதுநகரில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைத் தோண்டித் துருவிக்கொண்டிருந்தவர். நான் வெள்ளைத்துரை. அவருக்கு டிரைவர், உதவியாள், திட்டு வாங்குகிறவன் என்று மூன்று உத்தியோகம், ஒரே சம்பளம். அது 2005, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். அந்த வருஷம் ரம்ஜான் மாதமும் கூடவே வந்துவிட்டது. மேடம் நோன்பு என்பதால் எங்கள் ஆம்னி வேன் எந்த டீக்கடையிலும் நிற்காது. நோன்பு அவருக்கு, பட்டினி எனக்கு.

எம். புதுப்பட்டியில் கண்ணுச்சாமி வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது வெயில் ஏறியிருந்தது. கண்ணுச்சாமி அங்கே ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். போன மாதம் அந்த ஆலையின் லோடு ஏற்றும் ஷெட் வெடித்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். லோடு ஏற்ற வந்த வேன் டிரைவர் சாபிர் உள்ளே பீடி பற்ற வைத்ததுதான் காரணம் என்று மேனேஜர் சீனிவாசகம் போலீசில் எழுதிக் கொடுத்தார். சாபிரை உள்ளே தள்ளிவிட்டார்கள். மறுநாளிலிருந்து கண்ணுச்சாமியைக் காணோம்.

சாபிரின் அம்மா குல்சார் பேகம் எங்கள் ஆபீசுக்கு வந்து அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எம் மவன் பீடி குடிப்பான், இல்லைங்கல. ஆனா கேட்டுல நுழையும்போதே கண்ணுச்சாமி அண்ணாச்சி மடியத் தடவிப் பார்த்து அம்புட்டையும் வாங்கி வச்சுக்கிட்டாகளாம். அவுக வந்து அந்த ஒரு வார்த்தையச் சொன்னாப் போதும்மா."

பட்டாசு ஆலை கேட்டில் பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். அன்றைக்கு வாங்கி வைத்தவர் கண்ணுச்சாமி. அவர் இன்று சாத்தூர் கோர்ட் கலைவதற்குள் மாஜிஸ்திரேட் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். விட்டால் தீபாவளி லீவு, பெருநாள் லீவு, அதற்குள் கேஸ் இறுகிப்போகும். சாபிருக்கு வயது இருபத்திரண்டு.

"அவுக எங்கன போனாகன்னு எனக்குத் தெரியாது தாயி" என்றார் கண்ணுச்சாமியின் மனைவி தங்கத்தாய், மூன்றாவது தடவையாக.

இந்த இடத்தில்தான் எனக்குத் தாகம் எடுத்தது.

"அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க. எங்க மேடத்துக்கு வேணாம், நோன்பு. நான் பாவம் பண்ணின ஆளு."

அடுப்படி ஓரம் வரிசையாகக் குடங்கள் இருந்தன. ஒவ்வொரு குடத்தின் வாயிலும் வேட்டித் துணியை இரட்டையாக மடித்து இறுக்கிக் கட்டியிருந்தது. தங்கத்தாய் ஒரு குடத்தைச் சரித்துத் துணியோடேயே செம்பில் ஊற்றித் தந்தார்.

"என்னக்கா, குடத்துக்கெல்லாம் முண்டாசு கட்டி வச்சிருக்கீக?"

"கலங்கத் தண்ணி. அவுக போறதுக்கு முந்தி கட்டி வச்சது" என்றார் வேகமாக.

செம்பில் பார்த்தேன். கலங்கலும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் பளிச்சென்று இருந்தது.

"அக்கா, அந்தப் பையன் ஜெயில்ல இருக்கான். அவங்க அம்மா நோன்பு தொறக்கும்போது கூட வாயில ஒண்ணும் வைக்கிறதில்ல" என்றார் மேடம்.

தங்கத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் திறந்து கிடந்த வாளியில் ஒரு டம்ளரை முக்கி, மடக் மடக்கென்று குடித்தார். தண்ணீர் கழுத்தெல்லாம் வழிந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது. போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்ததும் மேடம் கேட்டார். "என்ன பார்த்தீங்க வெள்ளண்ணே?"

"பொம்பளை பொய் சொல்லுது. அதைப் பார்க்க துப்பறியும் ஆபீஸ் எதுக்கு?"

"அடுக்குத் தூக்குச்சட்டியைக் கழுவி ஜன்னல்ல கவுத்தி வச்சிருக்காங்க. தனியா இருக்கிற பொம்பளைக்கு நாலு அடுக்கு எதுக்கு? அதோட அடியில என்ன ஒட்டியிருந்துச்சு?"

நான் பார்க்கவில்லை. அந்த நேரம் என் கவனம் அடுப்பில் கொதித்த குழம்பின் மேல் இருந்தது.

"தீப்பெட்டி லேபிள். ஈரச் சட்டியை எங்கேயோ லேபிள் கட்டு மேல வச்சிருக்காங்க, ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருச்சு. சைக்கிள் ஓட்டுற யானைப் படம். அந்த மார்க் இப்ப கிடையாது. அந்தத் தீப்பெட்டி ஆபீசை மூடி பல வருஷமாச்சு. நான்தான் அதுக்கு இன்ஷூரன்ஸ் விசாரணை பண்ணினேன். ஓனர் யாரு தெரியுமா? இந்தத் தங்கத்தாயோட அண்ணன். சாத்தூருக்கு இந்தப் பக்கம், ஒரு ஊருணிக் கரையில இருக்கு."

"அப்போ ஆளு அங்க இருக்காரு. கிளம்புவோம். வழியில ஒரே ஒரு வடை..."

"இருங்க. அந்தத் துணி எதுக்குன்னு தெரியாம போனா ஆளைப் பார்ப்போம், கூட்டிட்டு வர முடியாது. ஷிபானாவைக் கேட்போம்."

ஷிபானா மேடத்தின் சின்னம்மா மகள். மதுரையில் இருந்துகொண்டு ஆராய்ச்சி செய்கிறாள். எதைப் பற்றி என்று கேட்டால் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல முடியாது. ஆடு, நாய், மனுஷன் என்று யார் வயிற்றிலும் உடம்பிலும் ஓசியில் குடியிருக்கும் புழுக்களைப் பற்றி. அதற்காக இந்தச் சுற்று வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் ஆட்டுப் புழுக்கை பொறுக்கிக்கொண்டிருந்தாள். புதுப்பட்டியிலேயே ஒரு வாடகை அறை எடுத்திருந்தாள். மேஜை நிறைய பாட்டில், பாட்டில் நிறைய புழு. நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா. "எடுத்துக்கோங்க அண்ணே" என்றாள். பசி உயிர் போனாலும் அந்த மேஜையில் இருந்து நான் எதையும் எடுக்கமாட்டேன்.

"குடத்து வாயில இரட்டைத் துணி கட்டி, தண்ணியை வடிகட்டுறாங்க. எதுக்கு?" என்றார் மேடம்.

ஷிபானா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "அக்கா! நரம்புச் சிலந்தி!"

"அப்படின்னா?"

"ஒரு புழு. குடிக்கிற தண்ணியில கண்ணுக்குத் தெரியாத தெள்ளுப் பூச்சி இருக்கும், அதுக்குள்ள இதோட குஞ்சு இருக்கும். அதைக் குடிச்சா, உடம்புக்குள்ள ஒரு வருஷம் ஒண்ணும் தெரியாம வளரும். அப்புறம் காலுக்கு இறங்கிக் கொப்புளம் போட்டு, தலையை வெளிய நீட்டும். சேமியா மாதிரி வெள்ளையா, கை நீளத்துக்கு இருக்கும். தீக்குச்சியில சுத்திச் சுத்தி, தினமும் கொஞ்சமாத்தான் உருவணும். அவசரப்பட்டு இழுத்தா அறுந்து, கால் சீழ் பிடிச்சிரும். எரிச்சல் தாங்காம புழு வந்தவங்க கிணத்துல காலை வச்சா, அது தண்ணியில ஆயிரக்கணக்குல குஞ்சு விட்டுரும். அப்புறம் அந்த ஊருக்கே வரும்."

"நான் இப்பத்தான் அந்த வீட்டுத் தண்ணியைக் குடிச்சேன்" என்றேன்.

"பயப்படாதீங்க. நாட்டுலயே ஒழிச்சாச்சு. இந்த ஜில்லாவுல போயி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்கயாவது ஒண்ணு திரும்ப வந்திருந்தா உலகமே இங்க வந்து நிக்கும். அக்கா, நானும் வர்றேன்!"

புழுவைப் பார்க்க இப்படிக் குஷியாகக் கிளம்பிய பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வேனில் போகும்போது மேடம் எனக்குக் கணக்கைப் பிரித்துச் சொன்னார். கண்ணுச்சாமி மல்லாங்கிணற்றுக்காரர். படிக்கட்டு வைத்த கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு குடித்த தலைமுறை. இந்தப் புழுவைக் கண்ணால் கண்டவர். தனக்கு அது வந்துவிட்டது என்று அவரே நம்பினால், வீட்டுக் குடத்துக்குத் துணியைக் கட்டிவிட்டு, ஊர்த் தண்ணீர்ப் பக்கமே வராமல் ஒதுங்கிவிடுவார்.

"அப்போ அவர் ஓடிப் போகலை" என்றேன்.

"இல்ல. தன்னைத்தானே ஒதுக்கி வச்சிருக்காரு."

பின்னால் ஒரு வெள்ளை சுமோ வந்துகொண்டிருந்தது. சாத்தூர் ரோட்டில் சுமோ வராமல் கப்பலா வரும் என்று நான் அதைச் சட்டை பண்ணவில்லை.

தீப்பெட்டி ஆபீஸ் ஊரை விட்டுத் தள்ளி, ஆளரவம் இல்லாத இடத்தில் இருந்தது. முன்னால் ஒரு கனமான மரக்கதவு, சும்மா சாத்தியிருந்தது. தள்ளினோம். உள்ளேயிருந்து ஒரு அதட்டல்.

"யாருலே அது? செருப்பைக் கழட்டு. செல்லு, சாவிக்கொத்து, தீப்பெட்டி, எல்லாத்தையும் வெளிய வச்சிட்டு வா!"

"ஆபீஸ் மூடிப் பல வருசமாச்சு அண்ணாச்சி" என்றேன்.

"சுவத்து இடுக்குல மருந்துப் பொடி இன்னும் இருக்கும். இரும்பு உரசுனா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியுமாலே? வச்சிட்டு வா."

முப்பது வருஷம் கேட்டில் நின்று அதட்டிய குரல். கேட்டதும் கால் தானாகத் திரும்பியது. மூன்று பேர் செல்போனையும் வேன் சாவியையும் வண்டிக்குள் வைத்துவிட்டு, பிள்ளைப் பூச்சிகள் மாதிரி வெறுங்காலோடு உள்ளே போனோம்.

பெரிய கூடம். ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டிச் சின்னச் சின்ன வெளிச்சத் துவாரங்கள். பழைய மெழுகும் கந்தகமும் கலந்த நெடி மூக்கை அடைத்தது. மூலையில் லேபிள் கட்டுகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, வலது கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு கண்ணுச்சாமி உட்கார்ந்திருந்தார். நல்ல பாரியான ஆள். தாடி வளர்ந்திருந்தது.

"அங்கனயே நில்லுங்க தாயி. கிட்ட வராதீக. எனக்குச் சிலந்தி."

"யார் சொன்னது அண்ணாச்சி?" என்றார் மேடம்.

"வெடிச்ச அன்னைக்குச் சாயந்திரம், கேட்டு வாசல் தொட்டியில கால் கழுவுனேன். இந்தக் காயம் அப்பவே இருந்துச்சு. பார்த்தா, காலைச் சுத்திக்கிட்டு நூலாட்டம் நெளியுது. பிடிச்சு இழுத்தேன், வந்திருச்சு. எஞ் சம்சாரம் கொண்டுபோயி டாக்டரம்மாகிட்டக் காட்டுனா. பாதி அறுந்து உள்ள இருக்காம். தண்ணியில காலே வைக்கக் கூடாதாம். அன்னைக்கு ராத்திரியே இங்கன வந்துட்டேன். சோறு அவ கொண்டாருவா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க சித்தப்பாவுக்கு இதுல கால் போச்சு. அவரு இறங்குன கிணத்தை நம்பி அந்த வருசம் எங்க தெருவே படுத்துக் கிடந்துச்சு. இன்னொரு ஊருக்கு நான் அதைக் குடுக்கமாட்டேன்."

"சாபிர் ஜெயில்ல இருக்கான்" என்றார் மேடம்.

"எந்தச் சாபிரு? லோடு வண்டிச் சாபிரா? நல்லாருக்கான், வீட்ல இருக்கான்னா எம் பொண்டாட்டி!"

"ஒரு மாசமா ஜெயில். ஷெட்டுக்குள்ள பீடி பத்த வச்சானாம்."

கண்ணுச்சாமி விருட்டென்று எழுந்தார். "எப்பிடிப் பத்த வைப்பான்? அவன் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் எம் மடியிலல்லா இருந்துச்சு! வெடிக்கும்போது எம் மடியிலதான் இருந்துச்சு தாயி! காயாத சரக்கை ஏத்தாதீகன்னு நான் கேட்டுல மேனேஜர்கிட்டச் சண்டை போட்டுக்கிட்டு நிக்கேன், சீசன் ஆர்டர் போகணும்னு அவுகதான் அடுக்கச் சொன்னாக. அந்தப் பய எம் பக்கத்துல வெறுங்கையோட நின்னான்!"

"இதைக் கோர்ட்ல சொல்லணும். இன்னைக்கே."

"வாங்க போவோம்" என்று அவர் ஒரு எட்டு வைத்தார். அப்போது முன்கதவு டமாரென்று சாத்தியது. வெளியே சங்கிலி இழுபடும் சத்தம்.

"கண்ணுச்சாமி, நல்லாருக்கியா?" கதவிடுக்கு வழியாக ஒரு சாவதானமான குரல். மேனேஜர் சீனிவாசகம். "ஒரு மாசமா ஒன்னையத் தேடுதோம்யா. மேடம், ரொம்ப உபகாரம். நீங்க கண்டுபிடிப்பீகன்னு தெரியும், அதான் பின்னாடியே வந்தோம். பயப்படாதீக. கோர்ட்டு கலையட்டும், தொறந்து விடுதேன். ஒங்க வண்டிய நான் பார்த்துக்கிடுதேன்."

நான் கதவில் முட்டினேன், மோதினேன், தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். கத்தினால் கேட்க ஒரு ஈ காக்கை இல்லை. செல்போன் வண்டியில், வண்டி அவர்களிடம். சுவர் இடுக்கில் மருந்துப் பொடி இருக்கிறது என்று சற்று முன் கேட்டது நினைவுக்கு வந்தது. வெளியே நிற்கிறவர்களில் எவனாவது ஒருத்தன் ஒரு குச்சியைக் கிழித்து அந்தத் துவாரம் வழியாகப் போட்டால் போதும். கேலியெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஷிபானா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாடி ஒரு கதவு இருக்கு" என்றார் கண்ணுச்சாமி. "அதுக்குப் பூட்டுக் கெடையாது."

"யோவ்! இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

அவர் போய் அதைத் திறந்தார். ஊருணி. நல்ல மழை பெய்த வருஷம். தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு, சுவரை ஒட்டி இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்ச தூரம் சுவரோரமாகப் போனால் கரை ஏறிவிடலாம். எதிர்க்கரையில் இரண்டு மூன்று பெண்கள் குடத்தோடு குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள்.

"மூணு பேரும் போங்க. நான் சொன்னதைக் கோர்ட்ல சொல்லுங்க. நான் இறங்க மாட்டேன். ஊரு குடிக்கிற தண்ணி" என்றார்.

"நாங்க சொன்னா எடுபடாது அண்ணாச்சி. நீங்க வந்து நிக்கணும்."

"அப்ப ஜட்ஜை இங்க கூட்டிட்டு வாங்க."

"நான் தூக்கிட்டுப் போறேன்" என்றேன். கண்ணுச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? நீ பாசியில வழுக்குனா நான் முழுசா உள்ள விழுவேன்லே" என்றார். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என்ன மாதிரி ஒரு இக்கட்டு பாருங்கள். முன்னால் பூட்டு, அதற்குச் சாவி ஒரு களவாணியிடம். பின்னால் பூட்டே கிடையாது, ஆனால் ஒரு நல்ல மனுஷன் குறுக்கே நிற்கிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"அந்தப் புழு எங்க இருக்கு?" என்றாள் ஷிபானா.

பாய்க்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்து அவர் தரையில் உருட்டி விட்டார். ஷிபானா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன்.

"அண்ணாச்சி, இது நரம்புச் சிலந்தி இல்ல. அது வெள்ளை, தொளதொளன்னு இருக்கும். இது பழுப்பு, கம்பி மாதிரி விறைப்பு, தனக்குத்தானே முடிச்சுப் போட்டிருக்கு பாருங்க. இது வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி வயித்துல இருக்கிற புழு. வளர்ந்ததும் அந்தப் பூச்சிக்குப் புத்தியைக் கெடுத்துத் தண்ணியைப் பார்த்துக் குதிக்க வைக்கும். குதிச்சதும் இது வெளிய வந்து நீந்திப் போயிரும். உங்க தொட்டியில ஒரு வெட்டுக்கிளி விழுந்திருக்கு, அம்புட்டுதான். மனுஷங்களை இது ஒண்ணும் செய்யாது. சிலந்தியா இருந்தா முதல்ல கொப்புளம் வந்திருக்கணும், இப்படி ஒரே இழுப்புக்கு வரவும் வராது."

"படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லுவ" என்றார் கண்ணுச்சாமி. "தப்பா இருந்தா? அந்தா மொள்ளுறாகளே, அவுக வீட்டுப் புள்ளைகளுக்கு யாரு பதில் சொல்றது? அந்த டாக்டரம்மாவும் படிச்சவுகதான்."

ஷிபானா பாட்டிலைத் திருப்பினாள். மூடியைப் பார்த்தாள். "இது..."

"ஷிபானா, வேணாம்" என்றார் மேடம் சட்டென்று.

தாமதம். "இந்தப் பாட்டில் என்னோடது! இந்தச் சிவப்பு மூடி, மேல பிளாஸ்திரி, நான் ஒட்டினது. புதுப்பட்டியில ஒரு அம்மா இந்தப் புழுவைக் கொண்டுவந்து காட்டினாங்க. வெட்டுக்கிளிப் புழும்மா, பயப்படாதீங்க, எங்கிட்ட நிறைய இருக்கு, பிள்ளைங்களுக்குக் காட்டுங்கன்னு ஸ்பிரிட் ஊத்தித் திருப்பிக் குடுத்தேன். அப்போ அந்த டாக்டரம்மா... நானா?"

கண்ணுச்சாமி மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார்.

"தங்கத்தாய்க்குத் தெரியுமா?" என்றார். அவருக்கே விடை தெரிந்த கேள்வி.

மேடம் அவர் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். "அக்கா எதையோ மறைக்கிறாங்கன்னு காலையில உங்க வீட்லயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு அண்ணாச்சி. இங்க வந்து நீங்க பேசினதும் உறுதியாயிருச்சு. வெடிச்ச அன்னைக்கே மேனேஜர் உங்க வீட்டுப் பக்கம் வந்திருப்பாரு. உங்க வாயை அடைக்கலைன்னா என்ன நடக்கும்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு. உங்களை மிரட்டி உட்கார வைக்க முடியாதுன்னு அக்காவுக்குத் தெரியும். ஊருக்குக் கெடுதல்னா மட்டும்தான் உட்காருவீங்க. அதான் அப்படிச் சொல்லிட்டாங்க."

"யூகந்தானே?" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது, ஆனால் பிடி விடவில்லை. "அவளுக்கும் பயம் இருந்து, இந்தப் புள்ள சொன்னதை நம்பாம, நெசமாவே சிலந்தின்னு நெனச்சிருந்தா?"

அப்போதுதான் என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. "அண்ணாச்சி! காலையில எனக்குத் துணி வழியா வடிச்சு ஊத்திக் குடுத்தாக. அவுக குடிக்கையில தொறந்து கெடந்த வாளியில டம்ளரை முக்கி அப்பிடியே குடிச்சாக. ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

"வடிக்காமயா?"

"வடிக்காம. மடக் மடக்குன்னு."

ஷிபானாவின் படிப்பு அவரை அசைக்கவில்லை, மேடத்தின் மூளை அசைக்கவில்லை. அந்த ஒரு டம்ளர் தண்ணீர் அசைத்துவிட்டது.

"சிலந்திக்கு அவ என்னைய விடப் பயந்தவ" என்றார். "வடிக்காமக் குடிச்சான்னா, புழு இல்லைன்னு அவளுக்கு நிச்சயமாத் தெரியும்."

காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். உள்ளே ஒரு ஆணி கிழித்த தழும்பு, ஆறிப்போய்ப் பொருக்கு உதிர்ந்திருந்தது. எழுந்து படிக்குப் போனார். முதல் படியில் நின்றார். எதிர்க்கரைப் பெண்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு இறங்கினார். நானும் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை மேடத்திடம் இதுவரை சொன்னதில்லை.

கரை ஏறித் திரும்பிப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸ் முன்வாசலில் சீனிவாசகம் நாற்காலி போட்டு, எங்கள் வேனுக்குப் பக்கத்தில் குடை பிடித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலி ஆபீசுக்கு வெகு ஜாக்கிரதையாகக் காவல் இருந்தார். மெயின் ரோட்டுக்கு நடந்து சாத்தூர் பஸ்ஸில் ஏறினோம். சொட்டச் சொட்ட நனைந்து, செருப்பில்லாமல் வந்த நாலு பேரையும் பார்த்துக் கண்டக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடம் இடுப்பில் முடிந்து வைத்திருந்த ஈர நோட்டை மட்டும் பிழிந்து வாங்கிக்கொண்டார்.

கோர்ட்டில் கண்ணுச்சாமி நின்ற நிலை எனக்கு மறக்காது. தாடியும் ஈர வேட்டியுமாக நின்று, கேட்டில் அதட்டுகிற அதே குரலில், மடியில் பீடிக்கட்டு இருந்ததையும் காயாத சரக்கை அடுக்கச் சொன்னது யார் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார். மாஜிஸ்திரேட் ஒவ்வொன்றையும் எழுதச் சொன்னார். சாபிருக்கு ஜாமீன் என்று வக்கீல் ஓடிவந்து சொன்னபோது குல்சார் பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். காவல் இருக்கிற சீனிவாசகத்தை அழைத்து வர ஒரு போலீஸ் ஜீப் கிளம்பிப் போயிற்று.

நாங்கள் வாசலுக்கு வந்தபோது தங்கத்தாய் நின்றுகொண்டிருந்தார். கையில் தூக்குச்சட்டி. மத்தியானச் சோற்றோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர், வெளியே சங்கிலியையும் சுமோவையும் கண்டு, கோர்ட்டில் யாரிடமாவது சொல்லலாம் என்று பதறியடித்து இங்கே ஓடிவந்திருக்கிறார்.

கண்ணுச்சாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்குச்சட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, போய் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கோபம் பொண்டாட்டி மேல், சோற்றின் மேல் இல்லை. எனக்கும் ஒரு வாய் கொடுத்திருக்கலாம்.

தங்கத்தாய் நேராகக் குல்சார் பேகத்திடம் போனார்.

"நாந்தான் தாயி அவுகளக் காலுல புழுன்னு பொய் சொல்லிப் பூட்டி வச்சேன். சாட்சி சொல்ல வந்தா அடுத்த வெடி ஒம் புருசன் நிக்கிற ஷெட்டுலதான்னு அந்த மேனேஜர் சொல்லிட்டுப் போனான். ஒங்க புள்ள உள்ள இருக்கான்னு தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். காறித் துப்புங்க, வாங்கிக்கிடுதேன்."

குல்சார் பேகம் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். எனக்கே அந்த நிமிஷம் தங்கத்தாய் மேல் அவ்வளவு கோபம் இருந்தது. அவர் தங்கத்தாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு ஒரு புழுவாவது கெடச்சுதே தாயி" என்றார். "அன்னைக்கு விடியக்காலையில எம் மவன் லோடுக்கு வண்டிய எடுக்கையில மனசு கெடந்து அடிச்சுது. அவன வீட்ல உக்கார வைக்க எனக்கு ஒரு பொய்யும் தோணலையே."